ஏற்றத்தில் மட்டும் கேட்ட விசில்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் பொதுவாக ஒரு கார் இருக்கிறது. அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் பணம் போட்டு 2013ஆம் ஆண்டு வாங்கிய 1.3 லிட்டர் டீசல் வண்டி அது. காலையில் கடைக்குச் சரக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு மதரஸா, மாதம் ஒருமுறை அம்மாவை அழைத்துக்கொண்டு குன்னூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவின் வீடு என்று அதற்கு ஓய்வே கிடையாது. அதன் எஞ்சினைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. இத்தாலியின் ஃபியட் நிறுவனம் உருவாக்கிய அந்த 1,248 சிசி எஞ்சின் மாருதி, டாடா, ஃபியட் எனப் பல நிறுவனங்களின் கார்களில் ஒரே காலத்தில் ஓடியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோதுதான் இங்கே புதிய வண்டிகளில் அதன் காலம் முடிந்தது. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் அது சலிக்காமல் ஓடும் என்பார்கள்.

ஒழுங்காக மாற்றி வந்தால்தானே. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்லிக் கையேட்டில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. நாங்களோ கடை வேலையைக் காரணம் காட்டி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, 1,41,000இல் மாற்றியதை 1,58,000 வரை இழுத்துவிட்டோம். ஒருநாள் மாலை அவினாசி சாலை மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிக்கு இழுவை போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை. டர்போ போய்விட்டது.

டர்போ என்பது எளிய யோசனைதான். சைலென்சர் வழியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சின்ன எஞ்சின்களில் அந்தத் தண்டு நிமிடத்திற்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடியது. அத்தனை வேகத்தில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் என்ன மிஞ்சும்? அதனால் தண்டு, மெல்லிய ஆயில் படலத்தின்மீது மிதந்தபடியே சுழல்கிறது. ஆயில் கெட்டியாகிக் கரிபிடித்தால், பேனா ரீஃபில் அளவே துளையுள்ள ஆயில் பைப் அடைத்துக்கொள்ளும். படலம் அறுந்துவிடும். எங்கள் பழைய ஆயில் பைப்பை வெட்டிக் காட்டியபோது உள்ளே அடுப்புக்கரி போல இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

காட்டியவர் எங்கள் மெக்கானிக் பாய். அத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வண்டிகள் அவருடைய பட்டறைக்குத்தான் போகும். தகரக் கூரை, ஒரே ஒரு பையன், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பேனர்கள், இவ்வளவுதான் பட்டறை. இஷாத் தொழுகைக்கு எங்கள் பள்ளிக்கு வரும்போதும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அவர் எங்களிடம் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, கம்பெனி டர்போ; இரண்டு, அதே அளவில் வேறு கம்பெனி செய்யும் டர்போ, ஏறத்தாழப் பாதி விலை. “வெளிக் கம்பெனியில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நான் போட்டுப் பார்த்த வகையைத்தான் போடுவேன். ஆனால் ஆயில் பைப் புதிதாக வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்” என்றார். நாங்கள் பாதி விலையைத் தேர்ந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. தண்டை எங்கள் விரலாலேயே அசைத்துப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருந்தது. “இது இருக்கும், ஆயில் வந்ததும் நின்றுவிடும். முன்னும் பின்னும் இழுத்தால் அசையக்கூடாது, அதுதான் முக்கியம்” என்றார். அசையவில்லை. பழைய டர்போ கக்கிய ஆயில் இன்டர்கூலரில் தேங்கியிருந்ததால் அதையும் வடித்துவிட்டதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். எங்கள் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய பெட்ரோல் காருக்கு டர்போ மாட்டினால் எப்படி இருக்கும் என்று அன்று மெக்கானிக் பாயிடம் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். இருக்கும் டர்போ கெட்டு, அதே வகையில் வேறொன்று போடுவது பழுதுபார்ப்பு. இல்லாத வண்டிக்கு மாட்டுவதோ வண்டியையே மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மருமகன் முகம் வாடியது. மாமன்மார் எங்களுக்கு நிம்மதி.

டர்போ மாட்டிய பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து அம்மாவுடன் குன்னூருக்குப் புறப்பட்டோம். மேட்டுப்பாளையம் வரை வண்டி அருமையாக ஓடியது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், மூன்றாவது கியரில் காலை அழுத்தும்போதெல்லாம் எஞ்சின் பக்கமிருந்து ஒரு விசில் கேட்டது. குக்கர் விசில் போன்றதன்று. தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவதுபோல மெல்லத் தொடங்கி ஏறும் ஒலி. பர்லியாற்றைத் தாண்டுவதற்குள் இழுவையும் குறைந்து பின்னால் கருப்புப் புகை வந்தது. போதாததற்கு, மறுநாள் காலை அக்காவின் வீட்டு வாசலில் குளிரில் கிளப்பியபோது “டிக் டிக் டிக்” என்று தையல் எந்திரம் ஓடுவதுபோல வேறொரு சத்தம். ஐந்து நிமிடத்தில் அது தானாகவே அடங்கிவிட்டது. அம்மா எதுவும் சொல்லாமல் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். இறங்கும்போது நாங்கள் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தோம்: பாய் நம்மை ஏமாற்றிவிட்டார்.

வந்ததும் வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். அவர் பானெட்டைத் திறந்து, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நன்றாக விரட்டிக் கேட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டர்போவின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். “என் காதில் தவறாக ஒன்றும் விழவில்லையே” என்றார். எஞ்சின் சூடாக இருந்ததால் அந்த டிக் சத்தமும் வரவில்லை. மலையில் கேட்டது பட்டறையில் கேட்காதது எங்களுக்குச் சாட்சியாகப்பட்டது. வண்டிக்கு அன்று, அவருக்கு எதிரான சாட்சியாக. நாளை காலை வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றவரிடம், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு வேறொரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். கண்ணாடி அறை, கணினி, காத்திருக்க சோபா எல்லாம் உண்டு. அங்கே காற்று ஹோஸைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிக் காட்டி, “பாருங்கள் சார், ஆடுகிறது. இது பழைய டர்போ, பாலிஷ் போட்டது” என்றார்கள். மெக்கானிக் பாய் அசைத்துக் காட்டிய அதே பக்கவாட்டு அசைவுதான். அவர் சொல்லித்தந்தது அந்த நேரத்தில் எங்கள் நினைவுக்கு வரவே இல்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. புதிய டர்போவுக்கு அவர்கள் எழுதித்தந்த தொகையைப் பார்த்ததும் வந்த கோபம் முழுவதும், அந்தத் தகரக் கூரைப் பட்டறையை நோக்கித் திரும்பியது.

அன்று மாலை கடையில் இரண்டு பேர் இருக்கையில் அதைச் சொல்லிவிட்டோம். சொன்ன வார்த்தைகளை இங்கே அப்படியே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பழைய டர்போவைப் பாலிஷ் போட்டுத் தலையில் கட்டிவிட்டார் என்ற பொருளில், இன்னும் கடுமையாகச் சொன்னோம். கேட்ட இருவரில் ஒருவர் இரண்டு டாக்சி வைத்திருப்பவர். இரண்டும் அதே பட்டறையில் சர்வீஸ் ஆகிக்கொண்டிருந்தவை. பிறர்மீது கொள்ளும் சந்தேகத்தையும் புறம்பேசுவதையும் கண்டிக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் விளக்கத்தை எத்தனை பயான்களில் கேட்டிருப்போம்! கேட்கும்போதெல்லாம் அது வேறு யாருக்கோ சொல்வதுபோலவே இருந்திருக்கிறது.

எங்களை நிறுத்தியவர் அம்மா. சாப்பாட்டின்போது புதிய டர்போவுக்கு முன்பணம் கட்டுவதைப் பேசிக்கொண்டிருந்தோம். “மலையில் கேட்ட சத்தத்தை அவரை மலைக்குக் கூட்டிப்போய்க் கேட்க வைத்தீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “உங்கள் அத்தா இருந்திருந்தால் கேட்க வைத்திருப்பார்” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லாற்றுக்குப் போனோம். அதற்குள் கடையில் பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வழியில் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார் என்றே சொல்லவேண்டும். நியூட்ரலில் எவ்வளவு விரட்டினாலும் எஞ்சினுக்குச் சுமை இல்லை. சுமை இல்லாவிட்டால் டர்போ பெரிதாக அழுத்தம் தராது. அழுத்தம் இல்லாவிட்டால் காற்று கசியும் இடத்தில் சத்தம் வராது. “அதனால்தான் பட்டறையில் கேட்கவில்லை. அன்றே உங்களோடு ஏறிப் பார்த்திருக்க வேண்டும். தவறுதான்” என்றார். தவறு என்ற சொல்லை முதலில் சொன்னவர் அவர்.

ஏற்றம் தொடங்கியது. விசில் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே சாய்த்தார். “இதே வேகத்தில் காலை மட்டும் லேசாக்குங்கள்” என்றார். லேசாக்கினோம். விசில் அறுத்ததுபோல் நின்றது. மறுபடி அழுத்தச் சொன்னார், வந்தது. இப்படி நாலைந்து முறை. பிறகு சொன்னார்: தண்டோ சக்கரமோ பழுதென்றால் சத்தம் சுழற்சியோடு சேர்ந்து ஏறும், சேர்ந்துதான் இறங்கும், காலை எடுத்த மறுகணமே வெட்டினாற்போல நிற்காது. சக்கரம் உறையில் உரசினால் விசிலாக இராது, கரகரப்பு வரும். ஆயில் கசிந்தால் புகை நீலமாக இருக்கும். உங்கள் வண்டியில் வருவது கருப்பு. அதாவது டீசல் போதுமான அளவு போகிறது, காற்று போதவில்லை. “டர்போ அழுத்திய காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேருமுன் வழியில் எங்கோ ஓடிப்போகிறது. வாருங்கள், அந்த இடத்தைத் தேடுவோம்.”

பட்டறையில் டர்போவின் காற்று நுழையும் வாயை ஒரு மூடியால் அடைத்தார். மூடியில் டியூப் வால்வு பொருத்தியிருந்தார். லாரி டியூபிலிருந்து வெட்டியெடுத்தது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து அளவாகக் காற்றை உள்ளே விட்டார். பையன் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, மூட்டு மூட்டாகத் தடவிக்கொண்டே வந்தான். டர்போவின் மூட்டில் ஒன்றும் இல்லை. மேல் ஹோஸில் ஒன்றும் இல்லை. இன்டர்கூலரின் கீழ் மூட்டில் தடவியதும் குழந்தைகள் ஊதுவதுபோல குமிழ்கள் பொங்கின. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் செம்மண் ஒட்டியிருந்தது. ஹோஸ் முழுதாக உள்ளே ஏறவில்லை. கிளாம்ப், பைப்பின் விளிம்பு மேட்டின்மீதே கோணலாக உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் பாய் டார்ச்சை அடித்து வெகுநேரம் பார்த்தார். “நான் கிளாம்பின் திருகைக் கீழ்ப்பக்கம் வைத்துத்தான் முடுக்குவேன், அடுத்தமுறை கழற்ற வசதியாக. இது மேலே பார்க்கிறது. இதைக் கழற்றியது யார்?”

எங்களில் இளையவர்தான். டர்போ போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். டர்போ உடைந்தால் இன்டர்கூலரில் ஆயில் தங்கிவிடும். அது மொத்தமாக உள்ளே இழுக்கப்பட்டால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் என்று அதில் சொன்னார்கள். அது உண்மையும்கூட. பயந்துபோய், பாய் ஏற்கெனவே வடித்ததை நம்பாமல், வீட்டு வாசலில் தானே கழற்றிக் கழுவி மாட்டியிருக்கிறார். மூத்தவர் அருகில் நின்று டார்ச் பிடித்தார். ஆக, இருவருக்கும் தெரியும். ஊருக்குள் ஓட்டும்போது சத்தம் வராததாலும், வந்தபோது மனம் நேராகப் பாயிடமே போனதாலும், நடுவிலிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கணக்கிலிருந்து மறைந்துபோயிற்று. செவ்வாய் டர்போ, ஞாயிறு இன்டர்கூலர், அதற்கடுத்த வெள்ளி மலை. ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதியிருந்தாலே போதும்.

சொன்னோம். உடனே சொல்லவில்லை, அந்தப் பையன் தேநீர் வாங்கி வந்து கொடுக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுத்தான் சொன்னோம். மெக்கானிக் பாய் ஹோஸைச் சரியாக ஏற்றி முடுக்கினார். வண்டியை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அந்த டிக் சத்தம் இதில் சேராது, காலையில் குளிர்ந்த எஞ்சினில்தான் பார்க்கவேண்டும் என்றார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு நாங்கள் போனபோது அவர் எங்களுக்கு முன்பே பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். கிளப்பியதும் டிக் டிக் தொடங்கியது. டர்போவும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் விரல் அகலத்துக்குப் புகைக்கரி படிந்திருந்ததைக் காட்டினார். அங்கே பேக்கிங் சரியாக உட்காரவில்லை. இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியே புகை துடித்துத் துடித்து வெளியேறுகிறது. சூடேறி இரும்பு விரிந்ததும் இடைவெளி மூடிக்கொண்டு சத்தம் நிற்கிறது. “டர்போவோடு வந்த பேக்கிங் மெல்லிதாக இருந்தது. பழையது நன்றாக இருக்கிறதே என்று அதையே போட்டுவிட்டேன். சூடு கண்ட பேக்கிங்கை மறுபடி போடக்கூடாது. இது என் வேலையில் வந்த குறை” என்றார். புதியதைப் போட்டு, கூலியும் பொருளும் வாங்க மறுத்துவிட்டார். எங்கள் குறைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தையும் அவர் குறைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அதன்பின் நாங்கள் கடையில் பேசியதைச் சொன்னோம். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டோம். அல்லாஹ்விடம் எத்தனை தௌபா செய்தாலும், மனிதருக்கு இழைத்த உரிமைக்கேட்டை அந்த மனிதரிடம்தான் தீர்க்கவேண்டும் என்பதை நாங்களும் அறிவோம். ஹக்குல் இபாத் என்ற சொல்லைச் சிறுவயதில் மதரஸாவில் மனப்பாடம் செய்தவர்கள்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “என்னிடம் கேட்டீர்கள், நான் விட்டுவிட்டேன். ஆனால் டாக்சிக்காரர் இரண்டு வாரமாக வரவில்லை. அவரிடமும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்” என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

டாக்சிக்காரரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். முழுவதையும், இளையவர் கழுவியது, மூத்தவர் டார்ச் பிடித்தது உட்பட, சொன்னோம். அவர் சிரித்தார். “நான் இதை இன்னும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேனே” என்றார். அவர்களுடைய பெயர்களையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். மூவரை நேரில் பார்த்தோம். ஒருவர் சவூதிக்குப் போய்விட்டார். அவருக்குக் குரல் பதிவு அனுப்பினோம். அன்று கடையில் இருந்த மற்றவரிடம் கடையிலேயே, வேறு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சொன்னோம். டாக்சிக்காரர் ஒரு வண்டியை வேறிடத்தில் ஆண்டுச் சர்வீஸுக்குப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டிருந்தார். மற்றதை மட்டும் இரண்டு மாதம் கழித்துப் பழைய பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

சென்ற மாதம் மீண்டும் குன்னூர் போய்வந்தோம். ஏற்றத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினால், மிக மெல்லிய ஓர் ஊதல் இன்னமும் கேட்கத்தான் செய்கிறது. திரும்பி வந்து மெக்கானிக் பாயிடம் சொன்னோம். அது டர்போ தன் வேலையைச் செய்யும் சத்தம், எல்லா டர்போவுக்கும் உண்டு, முன்பு நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றார். ஏற்றம் ஏறிவந்த உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுகிறீர்களா என்று கேட்டார். ஓடவிடுகிறோம் என்றோம். ஸ்டியரிங்கின் கீழே எட்டிப்பார்த்தார். புதிய டர்போவுக்குப் பின் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றவேண்டும் என்று அவரே எழுதி ஒட்டிய தாள் அங்கே இருந்தது: 1,63,000. மீட்டர் 1,62,940 காட்டியது. வண்டியை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு, ஆயில் வடிக்கும் தட்டைத் தேடப் போனார்.